வராத பஸ்ஸுக்கு நாலு கலரில் நன்றி

மேலப்பொட்டல் ஆண்டிச்சாமி மற்றவர்களைக் கேலி செய்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கு அந்தத் தேவை வந்ததே இல்லை. கேலிக்கு வேண்டிய சாமான் முழுவதும் சொந்தத்திலேயே, வெளியில் கடன் வாங்க வேண்டாத அளவுக்கு இருந்தது.

தொழில், வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுவது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து பழைய பேப்பர் கட்டுக் கட்டாக வரும். வாசலில் கையால் சுற்றும் மிஷினை வைத்துக்கொண்டு, பசை தடவி, சுருட்டி, காயவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மருந்து அவர் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காது. “பட்டாசுத் தொழிலாளின்னு சொல்லிக்கிடலாம், பயப்பட வேண்டியதில்ல. என் தைரியத்துக்குத் தோதான வேல” என்பார். மருந்தோடு புழங்குகிறவள் அவர் மனைவி அய்யம்மாள். தினம் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் தெருவுக்குள்ளேயே வந்து, ஹாரன் அடித்து, அவளையும் மற்றப் பெண்களையும் அள்ளிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்ததும் கொண்டுவந்து உதிர்த்துவிட்டுப் போகும்.

மேலப்பொட்டலுக்கு வந்துபோகிற ஒரே வண்டி அதுதான். பட்டாசுக் கம்பெனிக்குப் போக வேண்டுமா, வண்டி வாசலில் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமா, சீமைக்கருவேலங்காட்டுக்குள் மூன்றரைக் கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் ஏன் தலைமுறையாகக் கம்பெனிக்கே போகிறார்கள் என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால், அவர்களும் அந்த மூன்றரைக் கிலோமீட்டரை நடந்துதான் வந்தாக வேண்டும். ஊருக்குள் நுழைவதற்குள் ஆராய்ச்சி முடிந்துவிடும்.

ஆகவே ஆண்டிச்சாமி ஊருக்கு ஒரு டவுன் பஸ் கேட்டு மனுக் கொடுத்தார். முதல் மனு 2004-இல். அப்புறம் மாதம் ஒரு திங்கள்கிழமை, மனு வாங்குகிற நாளில், வெள்ளைச் சட்டையும் எலாஸ்டிக் வைத்த பிளாஸ்டிக் ஃபைலுமாகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். பஸ் வேண்டும் என்று கேட்பதற்காக மூன்றரைக் கிலோமீட்டர் நடப்பார். அங்கே வரிசை, அப்புறம் மனு எண் போட்ட சீட்டு. சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். நாலு வருஷத்தில் நாற்பத்தோரு சீட்டு.

“மொத வருசம் பஸ்ஸுக்காகப் போனேன்” என்று டீக்கடை முனியராஜிடம் ஒருநாள் ஒப்புக்கொண்டார். “ரெண்டாம் வருசம் கோவத்துல போனேன். இப்ப அங்கன போகாட்டி திங்கக்கெழம விடிஞ்ச மாதிரியே இல்ல. யாராவது ‘என்ன ஆண்டிச்சாமி, இன்னைக்கும் வந்துட்டீகளா’ன்னு கேட்டா, நெஞ்சு ரெண்டு இஞ்சு வெளிய வருது.”

முனியராஜ் கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னான்: “கவலப்படாதண்ணே. நீ குடுத்த மனுவெல்லாம் என்னைக்காவது பழைய பேப்பர் கட்டுல ஒன் வீட்டுக்கே வரும். சுருட்டி வெடியாக்கிரு. சத்தமாவது கேக்கும்.”

ஆண்டிச்சாமி சிரித்தார். வீட்டுக்குப் போனதும் அன்றைக்கு வந்த கட்டை யாரும் பார்க்காமல் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

2008 மே மாதம் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. மகள் ரோஜா பத்தாம் வகுப்பில் நானூற்று இருபது மார்க் எடுத்திருந்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தோடு சரி. பதினொன்றாம் வகுப்புக்குச் சாத்தூர் போக வேண்டும். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து மெயின் ரோட்டில் வந்து இறங்கவே ஆறரை ஆகிவிடும். அய்யம்மாள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, எதிரே நின்று சொன்னாள்.

“பஸ்ஸு வந்தா படிக்கட்டும். வராட்டி எங்கூட வேன்ல ஏறட்டும். இருட்டுனப்பறம் அந்தக் காட்டுக்குள்ள பொம்பளப் புள்ளைய நடக்கவிட எனக்குத் தெம்பில்ல. நாலு வருசமா வெள்ளச் சட்டைக்கு நீலம் போட்டுக் குடுத்திருக்கேன். ஒரு பஸ்ஸு கொண்டாங்க பாப்பம்.”

அடுத்த திங்கள்கிழமை ஆண்டிச்சாமியின் மனு, பஸ் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அது எந்த அலுவலகம் என்று அவருக்குக் கடைசிவரை தெளிவாகத் தெரியாது. பச்சைக் கதவு, உள்ளே போனால் இரண்டாவது மேசை, அம்புட்டுத்தான். அந்த அறையின் உள்பக்கத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வெளியே வந்து, போகிற போக்கில், “மேலப்பொட்டலா? பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள வந்துரும், போங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஆண்டிச்சாமி தரையில் நடந்து வரவில்லை. மூன்றரைக் கிலோமீட்டரும் அன்றைக்கு முக்கால் கிலோமீட்டர்தான் இருந்தது.

அய்யம்மாளின் தம்பி கருத்தப்பாண்டி சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். செய்தி கேட்டு அன்றைக்கே போன் போட்டுவிட்டான்.

“மச்சான், புஸ்வாணத்துக்கு லேபிள் ஓடுது. ஷீட்டு ஓரத்துல ஒரு நோட்டீஸ் அளவுக்கு எடம் சும்மா கெடக்கு. வெட்டி எறியிற எடந்தான். ஒங்களுக்கு ஒரு நன்றி நோட்டீஸ் போட்டுருவமா? நாலு கலரு.”

“பஸ்ஸு இன்னும் வரலையே மாப்ளே.”

“வரப்போகுதுல்ல? நாளைக்கு மிஷின்ல வேற ஆர்டர் ஏறிரும். அப்பறம் தனியாப் பிளேட்டுப் போடணும்.”

வேறு ஊர்க்காரராக இருந்தால் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார். ஆண்டிச்சாமி சிவகாசிச் சீமைக்காரர். அங்கே அடுத்த வருஷத்துக் காலண்டரை இந்த வருஷம் ஆடியில் அச்சடிப்பார்கள். தீபாவளிப் பெட்டியைப் பொங்கல் முடிந்ததும் அச்சடிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டில் சரி என்று சொல்வதற்குள் பத்திரிகைக்கு மாதிரி பார்த்துவிடுவார்கள். ஒரு விஷயம் நடந்து முடிந்தபிறகு அச்சடிப்பது வெளியூர்ப் பழக்கம்.

“மாவட்ட நிர்வாகத்துக்கு நன்றி” என்று வாசகம் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, “கீழ எம் பேருக்குப் பக்கத்துல ‘சமூக ஆர்வலர்’னு போட்டா நல்லாவா இருக்கும்?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கும் மச்சான். போட்டோவும் குடுங்க.”

மறுநாள் ஐந்நூறு நோட்டீஸ் வந்து இறங்கியது. ‘எங்கள் ஊருக்குப் பேருந்து வசதி தந்த மாவட்ட நிர்வாகத்துக்கு நன்றி! நன்றி!! நன்றி!!!’ இடதுபக்கம் ஆண்டிச்சாமி கை கூப்பிக்கொண்டிருந்தார். வலதுபக்கம் பஸ். கருத்தப்பாண்டி அதை ஏதோ பழைய காலண்டர் படத்திலிருந்து எடுத்திருந்தான். பஸ்ஸுக்குப் பின்னால் பனி மூடிய மலை நின்றது.

“இது எந்த ஊருங்க?” என்றாள் அய்யம்மாள்.

“நம்ம ஊருதான். பஸ்ஸு வந்தாக் குளுந்துரும்” என்றார் ஆண்டிச்சாமி.

டீக்கடை, பஞ்சாயத்து ஆபீஸ், மெயின் ரோட்டுப் பாலம் என்று எல்லா இடத்திலும் ஒட்டினார். அதோடு விட்டிருந்தால் மழை வந்து கழுவிக்கொண்டு போயிருக்கும். ஜூன் முதல் திங்கள்கிழமை பச்சைக் கதவு அலுவலகத்துக்கே போய், இரண்டாவது மேசை லட்சுமிகாந்தத்திடம் ஒரு நோட்டீசை நீட்டினார். லட்சுமிகாந்தம் கணக்காக வேலை பார்க்கிற அம்மா. ஒரு காகிதம் வந்தால் அதற்குரிய இடத்தில் சேர்க்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

“ஃபைல்ல வச்சுக்கோங்க மேடம். ஒரு ஞாபகத்துக்கு.”

“கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தேதியும்” என்றார் அவர். ஆண்டிச்சாமி இரண்டையும் போட்டார். தேதியைக் கொஞ்சம் அலங்காரமாகவே போட்டார்.

பள்ளிக்கூடம் திறந்தது. பஸ் வரவில்லை.

ஐந்து பெண்பிள்ளைகள் சேர்ந்து நடந்தார்கள். ஐந்து பேர் என்பதால் வீடுகளில் விட்டார்கள். ஜூலையில் ஒருத்தி படிப்பை விட்டு வேனுக்குப் போனாள். இன்னொருத்தி காய்ச்சலில் படுத்து, எழுந்தபிறகு நேரே கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். மீதி மூன்று பேர். வேன் டிரைவர் சுடலை தங்கமான மனிதன், ஒரு வஞ்சகமும் கிடையாது. தினமும் காலையில் அய்யம்மாள் ஏறும்போது அக்கறையாகக் கேட்பான்: “மதினி, ரோஜாவுக்கு ஒரு எடம் போட்டு வைக்கவா?”

 ஒரு வாரம் கழித்து அய்யம்மாள் சொன்னாள்: “ஆகஸ்ட்டு பதினஞ்சு வரைக்கும் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

ஆண்டிச்சாமி நாற்பத்திரண்டாவது மனுவோடு ஓடினார். லட்சுமிகாந்தம் ஃபைலை எடுத்து விரித்தார். மேலேயே அவருடைய நோட்டீஸ் பளபளவென்று இருந்தது. அந்த அறையிலேயே நாலு கலரில் இருந்த ஒரே காகிதம் அதுதான். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி: ‘மனுதாரர் நன்றி தெரிவித்துள்ளார். மேல்நடவடிக்கை தேவையில்லை. மனு முடிக்கப்பட்டது.’

“மேடம், பஸ்ஸு வரலையே.”

“நீங்க நன்றி சொல்லியிருக்கீங்களே.”

“அது... முன்னாடியே சொல்லிட்டேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆண்டிச்சாமியை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். “இருவது வருஷ சர்வீஸுல, வந்ததுக்கு நன்றி சொல்லாதவங்களத்தான் பாத்திருக்கேன். வராததுக்கு மலையெல்லாம் போட்டு நன்றி சொன்னவரு நீங்க ஒருத்தர்தான். முடிச்ச ஃபைல நான் தொறக்க முடியாதுங்க. கிராம சபையில தீர்மானம் போட்டு அனுப்புங்க. பஸ் வரல, நன்றி தப்புன்னு தெளிவா இருக்கணும். புது ஃபைலாப் போட்டுருவேன்.”

திரும்பி வரும் வழியில் பாலத்துச் சுவரிலிருந்து அவரே அவரைக் கை கூப்பி வரவேற்றார். ஒரு ஆடு அவருடைய இடதுதோளைத் தின்றிருந்தது. மீதியையும் அது தின்றால் நன்றாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஆட்டுக்குப் பசி தீர்ந்துவிட்டது போல.

கிராம சபை ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி. அதற்கு நாலு நாள் முன்னால், பஞ்சாயத்துத் தலைவர் சங்கரபாண்டியன் புல்லட்டில் வந்து இறங்கினார். கிணறும் தோப்பும் உள்ள வீட்டுக்காரர். அவர் ஆண்டிச்சாமி வாசலுக்கு வருவது ஓட்டுக் கேட்கும்போது மட்டும்தான்.

“ஏலே ஆண்டி, யோகம் அடிச்சிருக்கு ஒனக்கு. பொதுநலத்துக்கு ஒழச்சவுக ஊருக்கு ஒருத்தர எழுதிக் குடுன்னு மேல இருந்து கேட்டாக. ஒம் பேரக் குடுத்துட்டேன். சர்டிபிகேட்டு வந்துருச்சு. கொடி ஏத்துனதும் பொன்னாட.”

“எதுக்குத் தலைவரே?”

“ஊருக்குப் பஸ்ஸு கொண்டாந்ததுக்கு.”

“பஸ்ஸு வரலையே!”

“நோட்டீஸ் வந்துச்சுல்ல? அதப் பாத்துத்தான் எழுதுனேன்.” தலைவர் தோளில் கை வைத்தார். அதுவும் முதல்முறை. “பஸ்ஸு இன்னைக்கி வரும், நாளைக்கி நிக்கும். சர்டிபிகேட்டு நிக்காது, பாத்துக்கோ.”

அன்றிலிருந்து நாலு நாள் ஆண்டிச்சாமி தன்னோடு நடத்திய வழக்கில் வாதியும் அவரே, பிரதிவாதியும் அவரே. இரண்டு பேரும் சரியான ஃபிராடுகள். பஸ் வரவில்லை என்று தீர்மானம் போட்டால் சான்றிதழ் பொய்யாகிவிடும். சான்றிதழை வாங்கிக்கொண்டால் பஸ் வந்ததாகிவிடும். முதலில் சான்றிதழ், அடுத்த கிராம சபையில் தீர்மானம் என்று ஒரு யோசனை வந்தது. அது நல்ல யோசனையாகக்கூட இருந்தது. அடுத்த கிராம சபை அக்டோபர் இரண்டு. அதற்குள் ரோஜா வேனில் ஒன்றரை மாதம் போயிருப்பாள்.

அய்யம்மாளிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். “சர்டிபிகேட்டு இருந்தா நாளப்பின்ன ஒரு மரியாத...”

“மாட்டுங்க” என்றாள் அய்யம்மாள். “சொவத்துல மாட்டுங்க. காலையில ஏழு மணிக்கு நானும் எம் மகளும் வேனுக்குப் போகயில ஒரு கும்புடு போட்டுட்டுப் போறோம்.”

உள்ளே ரோஜா விலங்கியல் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பழைய நோட்டீஸ்களில் ஒன்றைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. அப்பாவின் முகம் உள்பக்கம், புத்தகத்தின் மேலிருந்த தவளைப் படத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 

பதினைந்தாம் தேதி கம்பெனி லீவு. அதனால் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கொடி ஏற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தார்கள். தலைவர் பொன்னாடை போர்த்தினார். ‘ஊருக்குப் பேருந்து வசதி பெற்றுத் தந்த சமூக ஆர்வலர் திரு. ஆண்டிச்சாமி அவர்கள்’ என்று கிளார்க் ஜெயபாண்டி சான்றிதழை வாசித்தான். ‘அவர்கள்’ என்ற சொல்லை ஆண்டிச்சாமி தன் பெயருக்குப் பின்னால் அதுவரை கேட்டதே இல்லை. கேட்க ரொம்ப நன்றாக இருந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லலாமா என்றுகூட நினைத்தார்.

“ரெண்டு வார்த்த பேசு” என்றார் தலைவர்.

ஆண்டிச்சாமி எழுந்தார். பொன்னாடை ஜரிகை கழுத்தை அறுத்தது. முன்வரிசையில் அய்யம்மாள் மிட்டாயைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பஸ்ஸு வரல” என்றார்.

“அது எங்களுக்கே தெரியும், மேல பேசு!” என்றாள் பின்னாலிருந்து குருவம்மாள். கம்பெனியில் சரம் பின்னுகிறவள். வாயும் அதே வேகம். கூட்டம் சிரித்தது.

“பஸ்ஸு வராமயே நன்றின்னு நோட்டீஸ் போட்டது நாந்தான். பேரு போடணும், போட்டோ போடணும்னு ஆச. அத நானே கொண்டுபோயி ஃபைல்ல வைக்கச் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். அதனால பஸ்ஸு வந்ததா முடிச்சு வச்சுட்டாக. அது பொய்யின்னு இந்தச் சபையில தீர்மானம் எழுதணும். எழுதுனாத்தான் புதுசா ஃபைலு போடுவாக.”

தலைவர் முகம் சுருங்கியது. “ஏலே, பொன்னாடையப் போத்திக்கிட்டுப் பேசுற பேச்சா இது? ஒன்னையப் பாராட்டுன எனக்கு என்னலே மரியாத?”

“ஒங்க மேல தப்பில்ல தலைவரே. நோட்டீஸப் பாத்தா நானே நம்பிருவேன்.”

“தீர்மானத்த எழுதுங்க” என்றாள் அய்யம்மாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவளைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். அதில் சத்தம் வந்துவிட்டது.

ஜெயபாண்டி பேனாவைக் கடித்தான். “பொய்யின்னு எழுத முடியாதுண்ணே. பெறகு எதுக்குப் பாராட்டுனீகன்னு கேள்வி வரும். ‘முன்கூட்டியே’ன்னு போட்டுக்கிடுவமா?”

“அவசரக்குடுக்கன்னு போடு. எல்லாத்துக்கும் வெளங்கும்” என்றாள் குருவம்மாள்.

பேரம் அரைமணி நேரம் நடந்தது. கடைசியில் எழுதியது இது: ‘ஆண்டிச்சாமி என்பவர் பேருந்து வருவதற்கு முன்பாகவே தவறுதலாக நன்றி தெரிவித்துவிட்டபடியாலும், பேருந்து இதுநாள்வரை வராதபடியாலும், மேற்படி நன்றியை ரத்து செய்து பேருந்து விட வேண்டுமாய் இச்சபை ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது.’

முக்கால் மணி நேர இடைவெளியில் ‘அவர்கள்’ போய் ‘என்பவர்’ ஆகியிருந்தார். ஆண்டிச்சாமி அதைக் கவனித்தார். முதல் கையெழுத்து அவர்தான் போட்டார், அலங்காரம் இல்லாமல். பிறகு நூற்றுப்பதினெட்டுப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். பெயர் எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். மற்றவர்கள் பெருவிரலை வைத்தார்கள். லீவு நாளிலும் நகக்கண்ணில் போகாமல் கிடந்த, வெடிமருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி தீர்மான ஏட்டின் அந்தப் பக்கத்தில் ஆங்காங்கே மினுங்கியது.

“சர்டிபிகேட்ட இங்கன குடு” என்றார் தலைவர். ஆண்டிச்சாமி கொடுத்தார். கை கொஞ்சம் தாமதமாகத்தான் விட்டது. “துண்ட வச்சுக்கோ. அத எங்கன எழுதி ஒப்படைக்க?” என்று சொல்லிவிட்டுத் தலைவர் புல்லட்டை உதைத்தார். மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

வீட்டுக்கு வரும்போது அய்யம்மாள் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். “காலாண்டுப் பரீட்ச வரைக்கும் பாப்பம். அதுவரைக்கும் சாயங்காலம் மெயின் ரோட்டுக்கு நீங்க போயி மூணு புள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. மனுக் குடுக்க நடந்த காலுதான?”

நாலு வருஷத்தில் இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆண்டிச்சாமி யோசித்தார். அதற்கு மனு எண் கிடைக்காது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. ஆகஸ்ட் மிச்ச நாளும், செப்டம்பர் முழுக்கவும் டார்ச் லைட்டோடு போய் நின்றார். தீர்மான நகலை லட்சுமிகாந்தம் வாங்கி, இரண்டு தடவை படித்து, புது ஃபைல் போட்டார். ‘நன்றியை ரத்து செய்து’ என்ற இடத்தில் அவர் உதடு லேசாகத் துடித்ததை ஆண்டிச்சாமி பார்த்தார், பார்க்காதது போல இருந்துகொண்டார்.

காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை ஏழரைக்கு, ஒரு பழைய டவுன் பஸ் கருவேலமுள் இரண்டு பக்கமும் கீறக் கீற ஊருக்குள் வந்து நின்றது. யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை. மூன்று பெண்பிள்ளைகளும் ஏறினார்கள். வேனுக்குப் போன இரண்டு பேரில் ஒருத்தியின் தகப்பன் வந்து, பஸ்ஸைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, விறுவிறுவென்று வீட்டுக்குப் போனான்.

ஆண்டிச்சாமியும் ஏறினார். போவதற்காக அல்ல. உண்மையான பஸ்தானா என்று பார்க்க. சீட்டைத் தட்டிப் பார்த்தார். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கடைசி சீட்டுவரை போய்த் திரும்புவதற்குள் விசில் ஊதிவிட்டது.

“எங்க போகணும்?” என்றார் கண்டக்டர்.

நாலு வருஷம் பஸ் கேட்டவர், அதில் எங்கே போவது என்று ஒரு திங்கள்கிழமைகூட நினைத்துப் பார்த்ததில்லை. ரோஜா ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாயங்காலம் திரும்ப எப்ப வரும்?” என்று கேட்டு நேரத்தைக் கடத்தினார்.

“சாத்தூர்ல அஞ்சேகாலுக்கு எடுப்போம்.”

ரோஜா சட்டென்று திரும்பினாள். “ஸ்பெஷல் கிளாஸ் முடியவே அஞ்சரை ஆகுமே!”

மற்ற இரண்டு பிள்ளைகளும் ஆண்டிச்சாமியைப் பார்த்தார்கள். அவருக்குச் சட்டைப் பைக்குள் கை போனது. பேனா இருந்தது. மனசுக்குள் ‘பெறுநர்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பதற்குள், ரோஜா எழுந்து கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய்விட்டாள். டிரைவரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“எத்தன பேரும்மா?”

“மூணு பேருண்ணே. நாளைக்கி நாலாவும்.”

“டைம்கீப்பர்ட்ட சொல்லிட்டு அஞ்சே முக்காலுக்கு எடுக்கேன். பெல்லடிச்சதும் ஓடியாந்துரணும். ஊர்க்கத பேசிட்டு வரக்கூடாது.”

“சரிண்ணே.”

அம்புட்டுத்தான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். மெயின் ரோடுகூட இன்னும் வரவில்லை.

ஆண்டிச்சாமி பேனாவை மெல்லப் பைக்குள்ளேயே விட்டுவிட்டார். கண்டக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“பெரியவரே, டிக்கெட்டு.”

“சாத்தூரு ஒண்ணு குடுங்க” என்றார் ஆண்டிச்சாமி. “அங்கன எனக்கு ஒரு வேலையும் இல்ல.”